சாரங்கன் மறைந்த அன்று ஓடாத ஆட்டோ

சென்னையில் வழியோடு போகிற யாரை நிறுத்தி, "பாடகர் சாரங்கன் செத்த அன்னிக்கு நீ எங்க இருந்தே?" என்று கேட்டாலும் பதில் வரும். தி.நகரில் ஜாக்கெட் துணிக்கு மேட்சிங் தேடிக்கொண்டிருந்தேன் என்பார் ஒரு அம்மா. அடையாறில் பல் பிடுங்க வாயைத் திறந்தபடி கிடந்தேன், சேதி கேட்ட டாக்டர் என்னை அப்படியே விட்டுவிட்டு டி.வி. பார்க்கப் போய்விட்டார் என்பார் இன்னொருவர். பெண்டாட்டி பிறந்த நாளை மறந்து திட்டு வாங்குகிறவனுக்குக்கூட இது மறக்காது. ஒன்பது வருஷமாகியும் ஊருக்கு இந்தப் பேச்சு அலுக்கவில்லை.

மற்றவர்கள் எல்லோரும் சும்மா சொல்லிவிட்டுப் போனார்கள். மயிலாப்பூர் தெப்பக்குளத்துப் பக்கம் ஆட்டோ ஓட்டும் நாகராஜ் மட்டும்தான் அதைச் சொல்லியே பெரிய மனுஷர் ஆனார்.

அவருடைய ஸ்டாண்டில் சாரங்கனுக்கு ஒரு ரசிகர் மன்றம் உண்டு. வருஷா வருஷம் நினைவு நாளன்று மைக் செட் கட்டி, படத்துக்கு ஆளுயர மாலை போட்டு, போகிற வருகிறவர்களுக்குக் கேசரி கொடுப்பார்கள். அப்புறம் ஒவ்வொருவராக மைக்கைப் பிடித்து, சேதி வந்தபோது தான் எங்கே இருந்தேன் என்று சொல்ல வேண்டும். முதல் வருஷம் எல்லோரும் அழுதார்கள், அதுவே போதுமானதாக இருந்தது. இரண்டாம் வருஷம் அழுகை எடுபடவில்லை. லாரன்ஸ் என்கிற டிரைவர் எழுந்து, "அன்னிக்கு நான் வண்டியே எடுக்கலபா. ஏர்போர்ட் சவாரி, வெள்ளக்காரன், கெஞ்சறான். போ சார்னுட்டேன்" என்றான். கைதட்டல் அடங்கவே நேரமானது. அடுத்து வந்தவன் ஒரு கல்யாணக் கோஷ்டியையே திருப்பி அனுப்பியதாகச் சொன்னான். மைக் நாகராஜ் கைக்கு வந்தபோது வெள்ளைக்காரனும் மிச்சமில்லை, கல்யாணமும் மிச்சமில்லை.

தலைவர் பதவிக்கு அவருக்கு வெகுநாளாக ஆசை. கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறது. வாயைத் திறந்தார்.

"எங்கிட்ட ஒருத்தன் வந்தாம்பா. நெஞ்ச புட்ச்சிக்கினு. அண்ணே, மாரு அடைக்குதுண்ணே, ஆஸ்பத்திரிக்கு வுடுண்ணேன்னு கால்ல வுய்றான். பெயிண்டர் ஆளு, ஒடம்பெல்லாம் சுண்ணாம்பு. கழுத்துல இன்னா தெரியுமா மாட்டிக்கீறான்? ரோஸ் கலர் வாட்டர் பாட்டிலு! ஸ்கூல் புள்ளைங்க மாட்டிக்குமே, அது. மூடி இல்ல, துணிய சுருட்டி அடச்சி வச்சிக்கீறான். நான் அவன் கைய எடுத்து வுட்டுட்டு சொன்னேன்: தம்பி, இன்னிக்கு இந்த வண்டி ஓடாது, எங்க வூட்ல சாவு."

 விசில் பறந்தது. லாரன்ஸே ஓடி வந்து கட்டிக்கொண்டான். அந்த வருஷமே நாகராஜ் தலைவர். வண்டியின் பின்னால் 'சாரங்கன் மறைந்த அன்று ஓடாத ஆட்டோ' என்று மஞ்சள் பெயிண்டில் எழுதிக்கொண்டார். யூடியூப்காரன் ஒருவன் வந்து பேட்டி எடுத்துப் போனான். அவருக்கே ஆச்சரியம் அந்த வாட்டர் பாட்டில்தான். யோசிக்கவே இல்லை, வாயைத் திறந்தார், துணி அடைத்த பாட்டில் தானாக வந்து விழுந்தது. தனக்குள் இத்தனை கற்பனை இருந்தும் ஆட்டோ ஓட்டியே காலம் போய்விட்டதே என்று அவருக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

ஏனென்றால் கதை முழுக்கப் பொய். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எவனும் ஸ்டாண்டுக்கு வரவில்லை. வந்திருந்தாலும் அங்கே நாகராஜும் இல்லை, ஆட்டோவும் இல்லை. சாரங்கனின் உடலைக் கொட்டிவாக்கத்தில் அவர் பங்களாவில் வைத்திருந்தார்கள். கடைகள் ஷட்டரை இறக்கிவிட்டன, பஸ் நின்றுவிட்டது, ஊர் முழுக்க ஜனம் கொட்டிவாக்கத்துக்குப் போகத் துடித்தது. ஓடாத ஆட்டோ அதன் ஆயுசில் அன்றைக்குப் போல ஓடியதில்லை. நாகராஜ் வாய்க்கு வந்ததைக் கேட்டார், மடியில் ஆள் உட்கார வைத்து அடைத்துக்கொண்டு போனார், இறக்கிவிட்டு மறுபடி வந்து ஏற்றினார். வெள்ளைக்காரனைத் திருப்பி அனுப்பிய லாரன்ஸ் அவருக்கு முன்னாலேயே அதே வேலையாகப் போய்க்கொண்டிருந்தான். ஸ்டாண்டில் ஒரு வண்டிகூட நிற்கவில்லை. இது எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் யாரையும் கேட்பதில்லை. வீட்டில் தெரிந்தவள் அவர் மனைவி சுலோச்சனா ஒருத்திதான். மகன் பாலு அப்போது சேலத்தில் வேலைக்குப் போயிருந்தான். அவனும் ஊரோடு சேர்ந்து கதையை நம்பினான். நம்பி, வெட்கப்பட்டான்.

இப்போது பாலுவுக்கு இருபத்தொன்பது வயது. தி.நகரில் ஒரு துணிக்கடையில் சுடிதார் செக்‌ஷன். அதே கடையில் பில் போடுகிற கயலுக்கும் அவனுக்கும் இரண்டு வருஷமாகப் பழக்கம். பெண்ணுக்கு அப்பா இல்லை, சின்ன வயதிலேயே நெஞ்சு வலியில் போய்விட்டார். அம்மா பொன்மணி அடையாறு அபார்ட்மெண்டுகளில் வீட்டு வேலை செய்து வளர்த்த ஒரே பெண். பொன்மணி முதலில் முடியாது என்றாள், பிறகு பார்க்கலாம் என்றாள், கடைசியில் பெரியவர்களை வரச் சொன்னாள். "இந்தப் பொண்ணு இல்லன்னா எனக்குக் கல்யாணமே வேணாம்" என்று பாலு சொல்லியிருந்தான். விளையாட்டுக்குச் சொல்கிற பையன் இல்லை அவன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பூ பழத்தோடு அதே ஆட்டோவில் கிளம்பினார்கள். நாகராஜ், சுலோச்சனா, பாலு, கூட ஒரு ஆள் வேண்டுமே என்று லாரன்ஸ்.

"நைனா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அங்க அந்தக் கதைய எடுக்காத" என்றான் பாலு.

"எந்தக் கதைய?"

"உங்கிட்ட வேற இன்னா கதை கீது?"

நாகராஜுக்குச் சுருக்கென்றது. பெற்ற பிள்ளைக்குத் தன் அருமை தெரியவில்லை என்று சாந்தோம் சர்ச் வரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே ஓட்டினார்.

பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி. ஒரு அறை, உள்ளே இன்னொரு சின்ன அறை. பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள். பொன்மணி நல்ல புடவை கட்டியிருந்தாள். கயல் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு சுவரோரம் நின்று பாலுவைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். பேச்சு நல்லபடியாகவே போனது. ஆவணியில் வைத்துக்கொள்ளலாம், வடபழனியில் தாலி கட்டிவிட்டு இங்கே சாப்பாடு போடலாம் என்பது வரைக்கும் வந்துவிட்டது. தட்டு மாற்றுவதுதான் பாக்கி.

டி.வி.யில் சத்தத்தைக் குறைத்து ஏதோ பாட்டுச் சேனல் ஓடிக்கொண்டிருந்தது. சாரங்கன் பாட்டு வந்தது. பொன்மணி ரிமோட்டை எடுத்துச் சட்டென்று அணைத்தாள்.

"இன்னாமா, அணைச்சிட்ட?" என்றார் நாகராஜ்.

"இந்தாளு பாட்டு எங்க வூட்ல வெக்கறதில்லண்ணே. புடிக்காது."

சுலோச்சனா கணவன் தொடையைக் கிள்ளினாள். அவர் அடங்கித்தான் இருந்திருப்பார். லாரன்ஸ் விடவில்லை.

"தங்கச்சி, யார்கிட்ட இன்னா சொல்ற? அண்ணன் சாரங்கன் மன்றத் தலைவரும்மா. அவரு செத்த அன்னிக்கு அண்ணன் இன்னா பண்ணாரு தெரியுமா உனக்கு?"

"இன்னா பண்ணாரு?" என்றாள் பொன்மணி, மரியாதைக்கு.

கேட்டதுதான் தாமதம். பாலு "நைனா" என்றான், அது காதில் விழவில்லை. ஏழெட்டு வருஷத்துப் பழக்கம், நாகராஜுக்குத் தொண்டை தானாகத் திறந்துகொண்டது. நெஞ்சைப் பிடித்துக் காட்டினார். கெஞ்சுகிறவனின் குரலில் கெஞ்சினார். வருங்காலச் சம்பந்தி வீடு என்பதால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாராளமாகவே காலில் விழ வைத்தார்.

பொன்மணி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். "மணி இன்னா இருக்கும்ணே?"

"வெளக்கு வெக்கற நேரம்."

"நடந்தா வந்தாரு?"

"தள்ளாடிக்கினு வந்தான். மந்தவெளி பக்கம் எங்கியோ பெயிண்ட் வேலையாம்." மந்தைவெளி இந்த வருஷம்தான் கதையில் சேர்ந்தது.

"கழுத்துல இன்னா மாட்டியிருந்தார்னு சொன்னீங்க?"

இவ்வளவு அக்கறையாக இதுவரை யாரும் கேட்டதில்லை. நாகராஜுக்கு உச்சி குளிர்ந்தது. "அதான்மா காமெடியே! வாட்டர் பாட்டிலு. ஆம்பளைக்கு! ரோஸ் கலரு. துணி அடச்சி வச்சிக்கீறான்."

"இன்னா துணி?"

"பச்ச. பச்சைல பூப்போட்டது" என்றார் நாகராஜ், தயங்காமல்.

பொன்மணி எழுந்து உள்ளறைக்குப் போனாள். காபி வரப் போகிறது என்று நினைத்து நாகராஜ் லாரன்ஸைப் பார்த்துக் கண்ணடித்தார். கயல் சிரிக்கவில்லை. சுவரில் சாய்ந்திருந்தவள் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

பொன்மணி திரும்பி வந்து, வெற்றிலை பாக்குத் தட்டில் வாழைப்பழத்துக்கும் ஆப்பிளுக்கும் நடுவே ஒரு பாட்டிலை வைத்தாள். ரோஸ் நிறம் வெளுத்து வெள்ளையாகிக் கொண்டிருந்தது. கழுத்தில் மாட்டும் வார் பாதியில் முடிச்சுப் போட்டிருந்தது. வாயில் பச்சைப் பூப்போட்ட துணி.

"இதுவாண்ணே?"

லாரன்ஸ் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"இவ ரெண்டாங்கிளாஸ் படிக்கும்போது வாங்கனது. மூடி தொலஞ்சிட்சின்னு தூக்கிப் போட இருந்தேன், வேலைக்கு எடுத்துக்கினு போறேன்னாரு. துணி இவ பாவாடைல கியிச்சது. அன்னிக்குக் காலைல நான்தான் அடச்சி மாட்டி வுட்டேன். மந்தவெளியிலதான் வேலை." அவள் குரல் உயரவே இல்லை. "தோ, இந்த ரோட்டு பஸ் ஸ்டாப்புல உக்காந்தபடியே செத்துக் கெடந்தாரு. தூண்ல யாரோ சாரங்கன் படத்த ஒட்டிட்டு, கீய மெழுகுவத்தி ஏத்தி வச்சிருந்தாங்க. போறவங்க வர்றவங்கெல்லாம் இவரும் சாரங்கனுக்காகத்தான் அழுதுக்கினு கீறார்னு நெனச்சாங்களாம். ஒருத்தர் முதுக தட்டிக் குடுத்துட்டுப் போனாராம்."

"தங்கச்சி, எனக்குத் தெரியாதும்மா..." என்று ஆரம்பித்தார் நாகராஜ்.

"ஆட்டோவே கெடைக்கலன்னு நெனச்சிக்கினு இருந்தேண்ணே, இத்தினி வருசமா. பரவால்ல, விதின்னு மனச தேத்திக்கினேன். கெடச்சிருக்கு. ஏத்தல. அந்த நெஞ்ச புடிச்சிக்கினு கொளத்தாண்ட வரைக்கும் வந்து, கால்ல வுயிந்து, திரும்ப இவ்ளோ தூரம் நடந்திருக்காரு." தட்டை அவர் பக்கம் தள்ளினாள், பாட்டிலை மட்டும் எடுத்துக்கொண்டாள். "பழத்த எடுத்துக்கினு கெளம்புங்க."

கீழே இறங்கி வந்ததும் பாலு ஆட்டோவில் ஏறவில்லை. அப்பாவைப் பார்க்காமலேயே ரோட்டைத் தாண்டிப் போய்விட்டான். அன்றிலிருந்து கடைப் பையன்கள் தங்கும் அறையிலேயே படுத்துக்கொண்டான். கயல் வேலையை விட்டுவிட்டாள், போனை எடுப்பதில்லை என்று சுலோச்சனாவுக்கு மட்டும் சொன்னான்.

"வாயத் தொறந்து நெஜத்த சொல்லித் தொலையேன்" என்றாள் சுலோச்சனா. "நீ அன்னிக்கு வண்டி ஓட்டிக்கினு இருந்தே. காலு வலிக்குதுன்னு வந்து நின்ன, நான்தானே தைலம் தேச்சி வுட்டேன்? பண்ணாத கொலைக்கு எதுக்கு நீ தூக்குல தொங்கற?"

நாகராஜுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. வாயைத் திறந்தால் மகனுக்குக் கல்யாணம். ஆனால் மன்றம் போய்விடும், மைக் போய்விடும், வண்டியின் பின்னால் இருக்கிற எழுத்தைச் சுரண்ட வேண்டும். இந்த இரண்டையும் தராசில் வைத்துப் பார்க்க ஒரு தகப்பனுக்கு நாலைந்து நாள் பிடித்தது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. நடுவில், விதி முடிந்தவன் யார் ஏற்றினாலும் செத்துத்தான் இருப்பான் என்று பொன்மணிக்கு யாரையாவது விட்டு எடுத்துச் சொல்லலாமா என்றுகூட யோசித்தார்.

கடைசியில் சொல்வது என்று முடிவு செய்தார். தனியாகச் சொன்னால் நம்புவாளா என்ற பயம், அதனால் லாரன்ஸைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். ஸ்டாண்டில் மற்ற டிரைவர்களும் இருந்தார்கள்.

"அன்னிக்கு அடையார் பாலத்துல நீ எனக்கு முன்னாடி போய்க்கினு இருந்தியேடா. கை காட்டினியே. அத்த மட்டும் வந்து சொல்லு, போதும்."

லாரன்ஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "நானா? நான் அன்னிக்கு வண்டியே எடுக்கல. வெள்ளக்காரனத் திருப்பி அனுப்ச்சேன்."

"டேய், அது நம்ம மைக்குல சொல்றதுடா."

"யாரு சும்மா சொன்னது? நெஜமா எடுக்கல." அவன் கண் கலங்கியிருந்தது. நடிக்கவில்லை, சொல்லிச் சொல்லி அவனுக்கு அதுவே நடந்ததாகிவிட்டது. "அப்போ நீ ஓட்டினியா? அந்த மனுசன் செத்த அன்னிக்கு துட்டுக்கு வண்டி ஓட்டினியா? த்தூ."

மற்றவர்களும் எழுந்து நின்றார்கள். கொட்டிவாக்கத்துக்கு ஆள் அடைத்த அத்தனை பேரும் அருவருப்போடு நாகராஜைப் பார்த்தார்கள். மறுநாள் மன்ற பேனரில் அவர் முகத்தின்மேல் லாரன்ஸின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒட்டியிருந்தது. ஸ்டாண்டு வரிசையில் அவர் வண்டிக்குக் கடைசி இடம். மஞ்சள் எழுத்தை அவரே சுரண்டினார். முழுசாகப் போகவில்லை, வெயில் அடிக்கும்போது தெரிந்தது.

இதெல்லாம் பாலுவின் காதுக்கும் போயிருக்க வேண்டும். சுலோச்சனா கூப்பிட்டபோது வந்தான். மூன்று பேருமாக, பூவும் பழமும் இல்லாமல், பட்டினப்பாக்கத்துக்குப் போனார்கள். பொன்மணி கதவைத் திறந்து நிலையிலேயே நின்றாள்.

நாகராஜ் வாசலில் நின்றபடியே சொன்னார். முதன்முதலாக நெஞ்சைப் பிடிக்காமல், குரல் மாற்றாமல் சொன்னார். தான் ஸ்டாண்டிலேயே இல்லை, யாரும் வரவில்லை, காலில் விழவில்லை, ஊரே சவாரிக்கு அலைந்தபோது தானும் ஓட்டிச் சம்பாதித்தேன், கைதட்டலுக்காகக் கட்டிய கதை, நாய்க்குப் பிறந்த வாய் இது என்று சொன்னார். சுலோச்சனா தாலியைக் கையில் எடுத்துக் கண்ணில் ஒற்றி, "இது மேல சத்தியம்க்கா. அன்னிக்குப் பூரா இந்தாளு ரோட்லதான் சுத்திக்கினு இருந்தாரு. ஊருக்கெல்லாம் பொய் சொல்லுவாரு, ஆனா யாரையும் சாவ வுடல" என்றாள்.

பொன்மணி அவளைப் பார்த்தாள். பிறகு அவரை.

"அப்போ அவரு உங்ககிட்ட வர்லியா?"

"வர்லமா."

"கொளத்தாண்ட வரைக்கும் நடக்கலியா? கால்ல வுயலியா?"

"இல்லமா. சத்தியமா இல்ல."

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அந்த ஒரு வாரமும் அவள் கண்ணுக்குள் கணவன் ஒவ்வொரு தெருவாக நடந்துகொண்டிருந்தான், ஆட்டோக்காரன் காலில் விழுந்துகொண்டிருந்தான். இப்போது அது இல்லை. நேராக வீட்டைப் பார்த்து வந்து, முடியாமல் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து, போய்விட்டான். அதைத் தாங்க அவள் ஏற்கெனவே பழகியிருந்தாள்.

"உள்ள வாங்க" என்றாள். "கயலு, காபி போடு."

கயல் அடுப்பைப் பற்ற வைத்தாள். பாலு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, பல நாளைக்குப் பிறகு அப்பாவின் முகத்தை நேராகப் பார்த்தான். அப்பா வெறும் பொய்யர்தான், அதோடு வாழ்ந்துவிடலாம் என்கிற நிம்மதி அந்தப் பார்வையில் இருந்தது. நாகராஜுக்கு அழுகை வந்தது. மானம் போனால் போகட்டும், பிள்ளை திரும்பி வந்துவிட்டான். கயல் கொடுத்த காபித் தம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தார். நன்றாக இருந்தது.

"ஆனா ஒண்ணுண்ணே" என்றாள் பொன்மணி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. அவள் குரலில் சந்தேகமே இல்லை. வெறும் ஆச்சரியம்தான். "பொய்தான், சரி. அந்த பாட்டிலு எப்டி கதைல வந்துச்சி? பச்சத்துணி வரைக்கும் சொன்னீங்களே."

நாகராஜ் பதில் சொல்ல வாயைத் திறந்தார். எப்போதும் போல வாயைத் திறந்ததும் தானாக வந்தது. ஆனால் இந்த முறை பாட்டிலோடு மற்றதெல்லாமும் வந்தது.

தம்ளர் கையிலேயே நின்றது.

"யார்னா சொல்லிக் கேட்டிருப்பீங்க" என்றாள் பொன்மணி. "அப்போ இந்த ஏரியா பூரா அதே பேச்சுதான். கேட்டது மனசுல தங்கியிருக்கும்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அவளே எடுத்துக் கையில் கொடுத்துவிட்டாள், வாங்கிக்கொண்டால் போதும். வாயில் வராத பொய்யா அவருக்கு? "அது வந்துமா..." என்று சிரிக்கப் பார்த்தார். பாலு அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டான். இத்தனை வருஷமாக மைக்குக்கு முன்னால் அவன் பார்த்து வெட்கப்பட்ட அதே சிரிப்பு.

"நைனா" என்றான். "சாரங்கன் செத்த அன்னிக்கு நீ எங்க இருந்தே?"

இந்தக் கேள்விக்கு நாகராஜ் ஒருநாளும் திணறியதில்லை.

"தோ இங்கதான்" என்றார் மெல்ல. "கீய. பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ல."

அடுப்படியில் கயல் திரும்பினாள்.

"வண்டி நெறைய ஆளு. கொட்டிவாக்கம் சவாரி. சிக்னல்ல ஸ்லோ பண்ணேன். ஒருத்தரு ரோட்டுக்கு எறங்கி வந்து கைய தூக்கினாரு. சுண்ணாம்பு சட்ட. ஒரு கை நெஞ்சுல. வண்டில எடம் இல்ல. இருந்தவங்கள எறக்கி வுட்டா துட்டு போய்டும். நிறுத்தல. அவர் பக்கத்துல வந்தாரு, கிட்டக்க, தொடற தூரம். பாட்டிலு ஆடிக்கினு இருந்துச்சி. வண்டில ஒரு பையன், டேய், எல்.கே.ஜி.டான்னான். எல்லாரும் சிரிச்சாங்க." அவர் தம்ளரைப் பார்த்தார். "நானும் சிரிச்சேன்."

சுலோச்சனா தாலியை இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்கு இது தெரியாது. நாகராஜுக்கே ஒரு நிமிஷத்துக்கு முன்னால் வரை தெரியாது. அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டார்.

பொன்மணி சத்தம் போடவில்லை. போன முறை கேட்டது போலவே, நாற்காலி நுனிக்கு வந்து, ஒரு சந்தேகம் கேட்கிறவள் போலக் கேட்டாள்.

"நீங்க சிரிச்சத அவரு பாத்தாராண்ணே?"

"பாத்தாரும்மா."

"பாத்து?"

"அவரும் சிரிச்சாரு" என்றார் நாகராஜ். "நிறுத்தப் போறேன்னு நெனச்சிக்கினாரு."

பாலு எழுந்து வாசலில் செருப்பைத் தேடினான். கயல் வந்து நாகராஜ் கையிலிருந்த தம்ளரை வாங்கிக்கொண்டாள். பாதிக் காபி அப்படியே இருந்தது. அடுப்படித் தொட்டிக்குக் கொண்டுபோய் அதைக் கொட்டிவிட்டு, தண்ணீர் விட்டுத் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.